மனநல வைத்தியம் பேச்சுதானே, வீடியோவில் பார்க்க மருத்துவர் ஏன் தயங்குகிறார்?

உங்கள் கேள்வியை முதலில் நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு மனச்சிதைவு நோய். எட்டு ஆண்டுகளாகத் திருச்சியில் ஒரே மருத்துவரிடம் பார்க்கிறீர்கள். புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மாதம் ஒரு முறை விடியற்காலை பஸ் பிடித்து இருவரும் போய்வருகிறீர்கள். அன்றைய கூலி உங்களுக்கு இல்லை. கொரோனா காலத்தில் வீடியோவிலேயே பார்த்து மருந்து எழுதிக் கொடுத்த அதே மருத்துவர், இப்போது "நேரில்தான் வர வேண்டும்" என்கிறார். "மனநல வைத்தியம் பேச்சுதானே, தொட்டுப் பார்க்க அதில் என்ன இருக்கிறது? பணத்துக்காகத்தான் அலையவிடுகிறார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வீடியோ வழியாகக் கிடைக்கும் சிகிச்சை மட்டமானதா என்பது ஒன்று. மட்டமில்லை என்றால் மருத்துவர்கள் ஏன் பின்வாங்குகிறார்கள் என்பது மற்றொன்று. உங்களை வாட்டுவது இரண்டாவது கேள்விதான் என்று நினைக்கிறேன்.

நான் 23 ஆண்டுகளாக மனநல மருத்துவம் பார்க்கிறேன். பாதிக் காலம் அரசு மருத்துவமனையில், மீதி என் சொந்த மருத்துவமனையில். உங்கள் தம்பியை நான் பார்த்ததில்லை. அவருடைய மருத்துவரின் மனத்தில் என்ன ஓடுகிறது என்று சொல்லவும் என்னால் முடியாது. ஆகவே இதைப் படித்துவிட்டு ஒரு மாத்திரையைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ செய்துவிடாதீர்கள். என் தொழிலைச் செய்கிறவர்கள் இந்தத் தயக்கத்தை எங்கிருந்து பெறுகிறார்கள் என்பதை மட்டும் உள்ளிருந்து சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பெரும்பகுதி விடை கிடைத்தாயிற்று. திரை வழியே மனநலம் பார்ப்பது கொரோனா கொண்டுவந்த புதுமை அல்ல. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மனநல நிறுவனத்தில் 1959லேயே இருவழித் தொலைக்காட்சி வைத்துக் குழுச் சிகிச்சை நடத்தினார்கள். 1964இல் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தள்ளியிருந்த நார்ஃபோக் மனநல மருத்துவமனையோடு அந்தத் தொடர்பை நீட்டினார்கள். அறுபது ஆண்டுகளில் எத்தனையோ ஆய்வுகள் வந்துவிட்டன. மனச்சோர்வு, பதற்றக் கோளாறுகள், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய் ஆகியவற்றுக்கு வீடியோவில் தரும் பேச்சுச் சிகிச்சை, நேரில் தருவதற்கு ஈடாகப் பலனளிக்கிறது என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை 2006 முதல் 2010 வரை தொலைச் சிகிச்சையில் சேர்த்த 98,609 பேரின் கணக்கைப் பார்த்தபோது, சேர்ந்த பிறகு அவர்கள் மனநல மருத்துவமனையில் படுத்துக் கிடந்த நாட்கள் ஏறத்தாழ கால்பங்கு குறைந்திருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு வைக்காத கணக்கு அது. அதனால் அந்தக் குறைவு முழுவதையும் திரையின் கணக்கில் எழுத மாட்டேன். ஆனாலும் அந்தக் கணக்கை வைத்துத் திரையால் கெடுதல் என்று சொல்ல முடியாது.

ஆனால் உங்கள் தம்பியின் நோய் அந்தப் பட்டியலில் இல்லை. மனச்சிதைவு நோய்க்கான சான்றுகள் நம்பிக்கை தருபவைதான்; இருந்தாலும் மனச்சோர்வுக்கு இருக்கும் அளவு உறுதியானவை அல்ல. அதோடு, "பேச்சுதானே" என்று நீங்கள் சொன்னீர்களே, அது இந்த நோய்க்குப் பொருந்தாது.

உங்கள் தம்பி அறைக்குள் நுழையும்போதே மருத்துவர் பார்க்கத் தொடங்கிவிடுவார். நடக்கும்போது கை வீசி நடக்கிறாரா, அல்லது இரண்டு கையும் உடலோடு ஒட்டிக் கிடக்கின்றனவா? சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருக்கிறாரா? உட்கார்ந்ததும் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல மடக்கிப் பார்ப்போம். மருந்தினால் தசை இறுகியிருந்தால், பல்சக்கரம் சுற்றுவதுபோலக் கை விட்டு விட்டு மடங்கும். அதை விரல்தான் உணரும், கண்ணுக்குத் தெரியாது. எடை ஏறியிருக்கிறதா, இடுப்பு பெருத்திருக்கிறதா என்று பார்ப்போம், ஏனென்றால் இந்த மருந்துகளில் சில சர்க்கரை நோயைக் கொண்டுவரும். க்ளோசபின் என்ற மருந்தைக் கொடுத்திருந்தால் ரத்தத்தில் வெள்ளை அணுக்களை எண்ணியாக வேண்டும். லித்தியம் என்றால் ரத்தத்தில் அதன் அளவு தெரிய வேண்டும். இவ்வளவையும் பேச்சோடு பேச்சாகச் செய்துவிடுவதால், வெளியே உட்கார்ந்திருப்பவருக்கு "நாலு வார்த்தை பேசி அனுப்பிவிட்டார்" என்றுதான் தோன்றும்.

இதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். 2020ஆம் ஆண்டின் நடுவில், இளைஞர் ஒருவரை வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் மட்டும் தெரிந்தது. படபடப்பாக இருக்கிறது, ஓரிடத்தில் நிற்க முடியவில்லை என்றார். நோய்தான் திரும்புகிறது என்று எண்ணி மருந்தின் அளவைக் கூட்டினேன். பத்து நாள் கழித்து அவருடைய அம்மா பேசினார். "ராத்திரி முழுக்க நடந்துகொண்டே இருக்கிறான் டாக்டர், உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது" என்றார். அது நோய் அல்ல, நான் கொடுத்த மருந்தின் பக்கவிளைவு. கால்கள் நிலைகொள்ளாமல் தவிக்கும் அந்த நிலைக்கு மருந்தைக் குறைத்திருக்க வேண்டும்; நான் கூட்டிவிட்டேன். நேரில் வந்திருந்தால் மேசைக்கு அடியில் ஆடும் காலை அரை நிமிடத்தில் கண்டிருப்பேன். அன்றிலிருந்து வீடியோவில் வருகிறவர்களிடம், போனை எதிரே வைத்துவிட்டு எழுந்து நாலடி நடந்து காட்டச் சொல்கிறேன், கைகளை நீட்டச் சொல்கிறேன், நாக்கை வெளியே நீட்டச் சொல்கிறேன். பல மருத்துவர்களிடம் இப்படி ஒரு கதை இருக்கும், ஆனால் அதை அவர்கள் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். "நேரில் வாருங்கள்" என்று மட்டும் சொல்வார்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்த நோயில் சிலருக்குத் திரையே நோயின் ஒரு பகுதியாகிவிடும். டிவியில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள், போன் வழியாகத் தன்னை யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்று நம்புகிற ஒருவரை, அதே போனுக்கு முன்னால் உட்காரவைத்து மனம்விட்டுப் பேசச் சொல்வது கொடுமை. உங்கள் தம்பிக்கு அப்படி எப்போதாவது இருந்ததா என்பது அவருடைய மருத்துவருக்குத் தெரிந்திருக்கும். அவருடைய தயக்கத்துக்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம்.

அதற்காகத் திரை எதையும் காட்டாது என்று சொல்லவில்லை. நேரில் காணக் கிடைக்காதது சில நேரம் வீடியோவில் கிடைக்கும். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன் என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லிவந்த ஒருவரிடம், மருந்துப் பெட்டியைக் கொஞ்சம் காட்டுங்கள் என்றேன். இரண்டு மாத அட்டைகள் பிரிக்கப்படாமல் இருந்தன. வீட்டை விட்டு வெளியே வரவே அஞ்சும் ஒரு பெண்மணி, தன் அடுப்படியில் உட்கார்ந்து முதன்முறையாக என்னோடு அரை மணி நேரம் பேசினார். வீடியோவில் நெருக்கம் வரவில்லை என்று சிகிச்சை தருபவர்கள்தான் அதிகம் குறைப்படுகிறார்கள், சிகிச்சை பெறுபவர்கள் அவ்வளவு குறை சொல்வதில்லை. ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டும் செய்தி இது. எங்கள் பழக்கம் எங்களைக் கட்டிப்போடுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்று படித்தவர்கள் நாங்கள். திரையில் உங்கள் கண்ணைப் பார்த்தால் நான் கீழே பார்ப்பதுபோல உங்களுக்குத் தெரியும். கேமராவைப் பார்த்தால் உங்கள் கண் எனக்குத் தெரியாது. சிறிய தொந்தரவுதான், ஆனால் ஒரு நாளைக்கு முப்பது பேரைப் பார்க்கும்போது அது பெரிதாகிவிடுகிறது.

என் அனுபவத்தில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் பயம். எந்திரத்தின் மீதான பயம் அல்ல, தனியாக மாட்டிக்கொள்வோமோ என்கிற பயம். ஒரு முறை கல்லூரி மாணவி ஒருவர், வாழப் பிடிக்கவில்லை என்று வீடியோவில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொடர்பு அறுந்துபோயிற்று. திரும்ப அழைத்தேன், போன் அணைந்திருந்தது. அவர் எந்த ஊரில், எந்த விடுதியில் இருந்து பேசினார் என்பது எனக்குத் தெரியாது. நாற்பது நிமிடம் கழித்து, போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று அவரே அழைத்தார். அந்த நாற்பது நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. என் அறையில் அவர் அதைச் சொல்லியிருந்தால் வெளியே அவருடைய அம்மா இருந்திருப்பார், நர்ஸ் இருந்திருப்பார், தேவைப்பட்டால் படுக்கை இருந்திருக்கும். இப்போது எந்த வீடியோ சந்திப்பிலும் நான் முதலில் கேட்பது, "எப்படி இருக்கிறீர்கள்" என்பதல்ல. "இப்போது எங்கே இருக்கிறீர்கள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள், அவருடைய எண் என்ன, உங்களுக்கு அருகில் உள்ள மருத்துவமனை எது" என்பதுதான்.

சட்டம் இதைத் தடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முழு ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்றே, தொலைமருத்துவத்துக்கான நடைமுறை வழிகாட்டுதல்களை, இந்திய மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக அப்போது பொறுப்பில் இருந்த ஆளுநர் குழு வெளியிட்டது. அவற்றின்படி பதிவுபெற்ற மருத்துவர் வீடியோவில் பார்க்கலாம், மருந்து எழுதலாம், நேரில் வாங்கும் கட்டணத்தையே வாங்கலாம். நேரில் பார்த்த நோயாளியை ஆறு மாதத்துக்குள் அதே நோய்க்காக மீண்டும் பார்த்தால் அது தொடர் சிகிச்சை. அதற்கு விதிகள் இளக்கமானவை. ஆனால் போதைப்பொருள், மனமயக்க மருந்துச் சட்டத்தின் கீழ் வருகிற மருந்துகளையும், மருந்துச் சட்டத்தின் எக்ஸ் அட்டவணையில் உள்ளவற்றையும் தொலைவிலிருந்து எழுதக் கூடாது. கவனக்குறைவுக் கோளாறு உள்ள குழந்தைகளுக்குத் தரும் மெத்தில்பெனிடேட் அப்படிப்பட்டது. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் மாத்திரைகள் சிலவும் இந்தத் தடையில் வருகின்றன. உங்கள் தம்பியின் சீட்டில் அப்படி ஒன்று இருந்தால், மருத்துவர் விரும்பினாலும் அதை வீடியோவில் எழுத முடியாது. அதே வழிகாட்டுதல்கள், வீடியோ போதுமா, நேரில் பார்க்க வேண்டுமா என்று முடிவுசெய்யும் பொறுப்பை மருத்துவரிடமே விட்டிருக்கின்றன. அனுமதி தந்த கையோடு பொறுப்பையும் அவர் தலையில் வைத்தாயிற்று.

பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள், மழுப்ப விரும்பவில்லை. பணக் கணக்கு பார்க்கிறவர்களும் எங்களில் இருக்கிறார்கள். மருத்துவமனையோடு சேர்ந்த மருந்துக் கடையில் நீங்கள் மருந்து வாங்குவது சிலருக்கு வருமானத்தில் கணிசமான பங்கு. ஆனால் மறுபக்கமும் உண்டு. வீடியோவில் பார்க்கத் தொடங்கினால், குறித்த நேரம் என்பது போய்விடுகிறது. இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வரும், மாத்திரை அட்டையின் படம் வரும், பக்கத்து வீட்டுக்காரரின் சந்தேகமும் சேர்ந்து வரும். எல்லாமே நியாயமான தவிப்புகள்தான், எதையும் புறக்கணிக்க மனம் வராது. உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ள முடியாத மருத்துவர், கொஞ்ச நாளில் அந்தக் கதவையே சாத்திவிடுகிறார். ஊரடங்கில் ஒரே வாரத்தில் வீடியோவுக்கு மாறியவர்களில் பலர், ஊரடங்கு முடிந்ததும் பழைய வழிக்கே திரும்பியது இதனால்தான். கையில் போன் வந்தது, அதைச் சுற்றி இருக்க வேண்டிய ஆட்கள் வரவில்லை.

அந்த ஆட்கள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. சென்னையில் உள்ள ஸ்கார்ஃப், மனச்சிதைவு நோய்க்காகவே 1984இல் டாக்டர் சாரதா மேனனும் டாக்டர் தாராவும் சக மருத்துவர்களும் சேர்ந்து தொடங்கிய அமைப்பு. சுனாமிக்குப் பிறகு கடலோர மாவட்டங்களில் தொலைச் சிகிச்சையைப் பரிசோதித்துப் பார்த்த அவர்கள், 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பினார்கள். பஸ்ஸுக்குள் திரை வைத்த ஓர் அறை, மருந்துகள் வைத்த ஒரு பகுதி. மருத்துவர் ஏறத்தாழ 400 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில் உட்கார்ந்திருப்பார். அவர் சொல்லும் மருந்தை அங்கேயே இலவசமாகக் கொடுப்பார்கள். ஆனால் நான் சொல்லவருவது பஸ்ஸைப் பற்றியும் அல்ல, திரையைப் பற்றியும் அல்ல. அந்த ஊர்களிலிருந்தே ஆட்களை எடுத்துப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். யார் வீட்டில் யார் பல ஆண்டுகளாக மூலையில் உட்கார்ந்திருக்கிறார் என்று தேடிப் போய்க் கண்டவர்கள் அவர்கள். பஸ் வரும் நாளில் கூட்டிவந்தவர்களும், வராதவரின் வீட்டுக்குப் போய் ஏன் வரவில்லை என்று கேட்டவர்களும் அவர்களே. திரைக்கு இந்தப் பக்கம் ஒரு கை இருந்தது. சென்னையில் இருந்த மருத்துவர் அந்தக் கையை நம்பித்தான் மருந்து எழுதினார்.

2015-16இல் பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநோய் உள்ளவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை, நோயைப் பொறுத்து, சிகிச்சையே பெறவில்லை என்று கண்டது. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாடு இது. திரை இல்லாமல் இந்த இடைவெளியை அடைக்க முடியாது என்று உறுதியாக நம்புகிறேன். திரையை மட்டும் மாட்டிவிட்டு அடைத்துவிட முடியும் என்று மட்டும் நம்பவில்லை.

இனி உங்கள் காரியத்துக்கு வருகிறேன். அடுத்த முறை போகும்போது, "வீடியோவில் பாருங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். "மூன்று மாதத்துக்கு ஒரு முறை நேரில் வருகிறோம், நடுவில் இரண்டு மாதம் வீடியோவில் பாருங்கள், அந்த நேரம் நான் தம்பியின் பக்கத்திலேயே இருப்பேன்" என்று சொல்லிப் பாருங்கள். மாதாமாதம் எடை பார்த்துக் குறித்து வைப்பேன், சொல்கிற ரத்தப் பரிசோதனையை உள்ளூரில் எடுத்து அனுப்புவேன், தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று ஒரு நோட்டில் எழுதுவேன், மருந்து அட்டைகளை எண்ணிக் காட்டுவேன் என்று சொல்லுங்கள். மருத்துவருக்குத் தேவைப்படுவது அந்தக் கை. நான் அறிந்த வரையில், இப்படிக் கேட்கும்போது மறுப்பவர்கள் குறைவு. மறுத்தால், "எதைப் பார்க்க வேண்டும் என்று நேரில் வரச் சொல்கிறீர்கள்?" என்று பணிவாகக் கேளுங்கள். அதற்கு அவர் சொல்லும் பதிலில் உங்கள் சந்தேகம் தீரும், ஒரு பக்கமோ மறு பக்கமோ. அவர் மாதம் ஒரு ஊசி போடுகிறவராக இருந்தால், அந்த ஊசியை உங்கள் ஊருக்கு அருகில் போட்டுக்கொள்ள வழி உண்டா என்றும் கேளுங்கள்.

கூடவே, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் மாவட்டத்தில் எந்தெந்த அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரியுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 18ஆவது பிரிவு, மனநலச் சிகிச்சைக்காக யாரும் நெடுந்தூரம் அலைய நேரக் கூடாது, வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே அது கிடைக்க வேண்டும் என்கிறது. அது உங்கள் உரிமை. நடுவே அவசரமாக ஆலோசனை வேண்டுமானால் 14416 என்ற இலவச எண் இருக்கிறது. 2022 அக்டோபர் முதல் இயங்கும் டெலிமானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநலச் சேவை அது, தமிழிலேயே பேசலாம். அது உங்கள் மருத்துவருக்கு மாற்று அல்ல. இரவு 2 மணிக்கு யாரிடம் கேட்பது என்று தவிக்கும்போது கை கொடுக்கும்.

பக்கத்தில் இருங்கள் என்று சொன்னதில் ஓர் எச்சரிக்கை. வீடியோ சந்திப்பில் பாதி நேரம் உங்கள் தம்பி தனியாகப் பேச வேண்டும். ஒற்றை அறை வீடுகளில் இது எவ்வளவு கடினம் என்பதை நான் தினமும் பார்க்கிறேன். மொட்டை மாடியிலும், மாட்டுக் கொட்டகை ஓரத்திலும், நிறுத்தி வைத்த ஆட்டோவுக்குள்ளும் உட்கார்ந்து என்னிடம் பேசியவர்கள் இருக்கிறார்கள். எது கேட்டாலும் "ஆமாம்", "இல்லை" என்று மட்டும் ஒருவர் பதில் சொன்னால், அறையில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வேன். தன் சிகிச்சை பற்றிய இரகசியம் காக்கப்பட வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் 23ஆவது பிரிவு அவருக்குத் தரும் உரிமை. அண்ணன் என்பதால் அது நீர்த்துப்போகாது. அவருக்கு ஒரு இயர்போன் வாங்கிக் கொடுத்துவிட்டு, நீங்கள் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருங்கள்.

கடைசியாக, உங்கள் நீண்ட பதிவில் ஒன்று என் கண்ணில் பட்டது. பஸ் கட்டணம் இருக்கிறது, உங்கள் கூலி இருக்கிறது, மருத்துவர் சொன்னது இருக்கிறது. இந்தப் பயணத்தைப் பற்றித் தம்பி என்ன சொல்கிறார் என்பது எங்குமே இல்லை. என்னிடம் வரும் ஒருவருக்கு வீடியோ போதும் என்று நானாகவே முடிவுசெய்து சொன்னபோது அவர் முகம் வாடியது. ஊரை விட்டு வெளியே வருவது மாதத்தில் அந்த ஒரு நாள்தான், பஸ் நிலையத்தில் பரோட்டா சாப்பிடுவதும் அன்றைக்குத்தான் என்றார். இன்னொருவருக்கோ கூட்டமான பஸ்ஸில் ஏறுவதே நரக வேதனை. உங்கள் தம்பி இதில் எந்தப் பக்கம் என்று எனக்கோ அந்த மருத்துவருக்கோ ஊகிக்க முடியாது. மருத்துவரிடம் பேசுவதற்கு முன்னால், இன்று மாலை அவரிடமே கேட்டுவிடுங்கள்.